விபத்துக் காயம் ஆறியும் வண்டிப் பக்கம் போக முடியாதவர்கள்: அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயான பிடிஎஸ்டியை எப்படிக் கண்டுபிடிப்பது, என்ன செய்வது?

பதிவு 1 | மூட்டுப்பயிற்சி

வணக்கம். பைக், கார் விபத்துல எலும்பு முறிஞ்சு, ஆபரேஷன் முடிச்சு பிசியோதெரபிக்கு வர்றவங்களைப் பத்தின கேள்வி இது. முட்டி 120 டிகிரி மடங்குது, பிளேட் நல்லா பிடிச்சிருக்கு, ஊன்றுகோல் இல்லாம நடக்கறாங்க. ஆனா வேலைக்குத் திரும்ப மாட்டேங்கறாங்க. ஆட்டோவில் ஏறினா கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு கண்ணை மூடிக்கறாங்க. பின்னாடி லாரி ஏர் ஹார்ன் அடிச்சா உடம்பு தூக்கிவாரிப் போடுது. கேட்டா "தூக்கம்தான் சரியில்ல சார்"ங்கறதோட நிறுத்திக்கறாங்க.

2022-ல் தமிழ்நாட்டில் பதிவான சாலை விபத்துகள் 64,105. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் வந்ததால முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணத்தைத் தேடி ஓட வேண்டியதில்ல. அடுத்து வர்ற மாசங்கள்ல மனசுல நடக்கறதை யார் கேக்கறது?

எனக்கு வேண்டியது: எது சாதாரண பயம், எது பிடிஎஸ்டி? பயிற்சி மேசையில வெச்சே கண்டுபிடிக்க சுருக்கமா ஏதாவது வழி உண்டா? மனநலப் பிரிவுக்கு அனுப்பி வெச்சா அங்க என்ன சிகிச்சை நடக்கும்? அதுவரைக்கும் வீட்டாளுங்க எதைச் செய்யக் கூடாது?

பதிவு 2 | உளவியல்மேசை

முதல்ல காலக்கணக்கு. விபத்து நடந்த முதல் ரெண்டு மூணு வாரம் கெட்ட கனவு, திடுக்கிடல், சாப்பாடு இறங்காம இருக்கறது இதெல்லாம் நிறைய பேருக்கு வரும். பெரும்பாலும் தானா அடங்கும். மூணாம் நாளிலிருந்து ஒரு மாசத்துக்குள்ள ரொம்பக் கடுமையா இருந்தா அதுக்கு அக்யூட் ஸ்ட்ரெஸ் டிசார்டர்னு தனிப்பேர் இருக்கு. ஒரு மாசம் தாண்டியும் நீடிச்சு, வேலையையோ வீட்டையோ கெடுக்குதுன்னா பிடிஎஸ்டியை யோசிக்கணும்.

மனநோய்களை வகைப்படுத்தற அமெரிக்க டிஎஸ்எம்-5 கையேட்டுல 20 அறிகுறிகளை நாலு கட்டாப் பிரிச்சிருக்காங்க. விபத்துக்குப் பொருத்திச் சொல்றேன்.

திரும்ப வருதல்: கெட்ட கனவு மட்டும் இல்ல. பெட்ரோல் வாசனை, டெட்டால் வாசனை, 108 சைரன், மழையில் மின்னற தார் ரோடு, இதுல எது பட்டாலும் அந்த நிமிஷம் இப்பவே நடக்கற மாதிரி நெஞ்சு அடிச்சுக்கும், வேர்க்கும். இந்தக் கட்டுல ஒண்ணு இருந்தாப் போதும்.

தவிர்த்தல்: வண்டி, அந்த ரோடு, அதைப் பத்தின பேச்சு, ஏன் அந்த நினைப்பையே தள்ளி வைக்கறது. இதுல ஒண்ணாவது கட்டாயம் இருக்கணும். இது இல்லாம பிடிஎஸ்டின்னு எழுத முடியாது.

எண்ணமும் உணர்வும் கெடுதல்: "எல்லாம் என் தப்பு", "ரோட்டுல எவனையும் நம்ப முடியாது", குழந்தையைத் தூக்கினாக்கூட ஒண்ணும் தோணாத மரத்துப்போன நிலை, விபத்தின் ஒரு முக்கியப் பகுதி ஞாபகத்துக்கு வராம இருக்கறது. ரெண்டு வேணும்.

உடம்பு எந்நேரமும் உஷாரா இருத்தல்: தூக்கமின்மை, சிடுசிடுப்பு, கவனம் சிதறல், சின்னச் சத்தத்துக்கும் துள்ளறது. இதுலயும் ரெண்டு.

இன்னொரு விஷயம். ஆக்ஸ்போர்டில் விபத்துக்குள்ளாகி அவசரப் பிரிவுக்கு வந்தவங்களைத் தொடர்ந்து கவனிச்சு 1998-ல் வெளியிட்ட ஆய்வில் 3-ம் மாசம் சுமார் 23 சதவீதம் பேருக்கும், ஒரு வருஷம் முடிஞ்சப்போ சுமார் 16.5 சதவீதம் பேருக்கும் பிடிஎஸ்டி இருந்தது. யாருக்கு நீடிச்சதுன்னு பார்த்தா, அந்த நினைப்பைப் பலவந்தமா அமுக்கினவங்க, "ஏன் எனக்கு இப்படி"ன்னு உள்ளுக்குள்ளயே உழட்டிக்கிட்டு இருந்தவங்க, நினைப்பு வர்றதையே "மூளை கெட்டுப்போச்சு"ன்னு அர்த்தம் பண்ணிக்கிட்டவங்க. பிடிஎஸ்டி பத்தி ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வெச்சுக்க முடியும்னா, இதை வெச்சுக்கங்க: பயத்தை உண்டாக்கினது விபத்து, அதுக்குத் தீனி போட்டு வளர்க்கறது தவிர்ப்பு.

பதிவு 3 | சமூகப்பணி_ஓபி

மேசையில வெச்சுக் கேக்க 5 கேள்வி போதும். கடந்த ஒரு மாசத்தில்:

அந்த விபத்தைப் பத்திக் கெட்ட கனவோ, வேண்டாம்னாலும் வர்ற நினைப்போ இருந்துதா? அதை நினைக்காம இருக்கவோ, அதை ஞாபகப்படுத்துற இடத்துக்குப் போகாம இருக்கவோ பாடுபட்டீங்களா? எந்நேரமும் உஷாரா, எதுக்கெடுத்தாலும் திடுக்கிட்டுக்கிட்டே இருந்தீங்களா? மனுசங்ககிட்டயிருந்தும் செய்ற வேலையிலிருந்தும் விலகி, மரத்துப்போன மாதிரி இருந்துதா? நடந்ததுக்கு உங்களையோ மத்தவங்களையோ குத்தம் சொல்லிக்கிட்டே இருந்தீங்களா?

மூணு 'ஆமா' வந்தாலே அனுப்பிடுங்க. விவரமா வேணும்னா பிசிஎல்-5 படிவம் இருக்கு: 20 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 4 மார்க், மொத்தம் 80. 31 முதல் 33-க்கு மேல போனா முழுப் பரிசோதனை தேவை. மார்க்கை மட்டும் வெச்சு "உனக்கு பிடிஎஸ்டி"ன்னு சொல்லிடாதீங்க.

கேக்கற விதமும் முக்கியம். கூட வந்தவங்களைக் கொஞ்சம் வெளிய உக்காரச் சொல்லுங்க. மனைவி முன்னாடி "எனக்குப் பயம்"னு சொல்ல ஆம்பளைங்க வாய் திறக்க மாட்டாங்க. வண்டி ஓட்டினவர் கணவர்னா மனைவியும் பேச மாட்டாங்க. பின் சீட்ல இருந்தவங்களுக்கு ஹேண்டில்பார் கையில இல்ல. விபத்து வர்றதைப் பார்த்துக்கிட்டு இருந்ததைத் தவிர எதுவும் செய்ய முடியாம இருந்தவங்க அவங்க. அவங்களைத் தனியாக் கேளுங்க.

பதிவு 4 | முதலுதவிமுகாம்

உடனே பேச வெச்சுட்டா இதெல்லாம் வராதுன்னு சொல்றாங்களே? விபத்து நடந்த அன்னைக்கோ மறுநாளோ வார்டிலேயே உக்கார வெச்சு ஆதியோட அந்தமாச் சொல்ல வைக்கறது பல இடத்தில் இன்னும் நடக்குது.

பதிவு 5 | உளவியல்மேசை

வேண்டவே வேண்டாம். அதே ஆக்ஸ்போர்டில் சாலை விபத்து நோயாளிகளை ரெண்டு பிரிவா வெச்சு, ஒரு பிரிவுக்கு ஒரே ஒரு அமர்வு டீப்ரீஃபிங், அதாவது நீங்க சொல்ற மாதிரி நடந்ததைப் பேச வைக்கறது, கொடுத்தாங்க. 2000-ல் வெளியான மூணு வருஷத் தொடர் முடிவில், பேச வைக்கப்பட்டவங்க நிலைமைதான் மோசமா இருந்தது. ஆரம்பத்தில் அதிகமா ஆடிப்போயிருந்தவங்களுக்குத்தான் கெடுதலும் அதிகம். பிரிட்டனின் நைஸ் மருத்துவ வழிகாட்டியும் உலக சுகாதார நிறுவனமும் இதைச் செய்யாதீங்கன்னு சொல்லுது.

முதல் நாட்களுக்கு வேண்டியது பார், கேள், இணை. பாதுகாப்பா இருக்காரா, வலிக்கு மருந்து கிடைச்சுதா, கூட வந்தவங்களோட நிலைமையை யாராவது அவருக்குச் சொன்னாங்களான்னு பாருங்க. அவரா பேசினா குறுக்கிடாமக் கேளுங்க, பேசலேன்னா தோண்டாதீங்க. வீட்டாளுங்க, ஸ்டேஷன், ஆஸ்பத்திரி சமூகப்பணியாளர்னு தேவைப்படுற ஆளோட சேர்த்து விடுங்க. பின்னாடி நடக்கற சிகிச்சையிலும் பேச வைப்போம்தான். அது நோய்னு உறுதியான பிறகு, பல அமர்வா, பயம் இறங்கற வரைக்கும் கூடவே இருந்து செய்றது.

பதிவு 6 | இரவுப்பணி_நர்ஸ்

தலையில் அடிபட்டவங்க விஷயத்தில் ரொம்பக் கவனம் வேணும். கவனம் சிதறல், எரிச்சல், தூக்கக் கோளாறு இந்த மூணும் மூளை அதிர்ச்சியிலும் வரும், பிடிஎஸ்டியிலும் வரும். மூளை அடியில் தலைவலி, தலைசுத்தல், வெளிச்சம் சத்தம் தாங்காமை முன்னாடி நிக்கும். நினைப்பு திரும்பத் திரும்ப வர்றதும் தவிர்க்கறதும் பிடிஎஸ்டி பக்கம் கை காட்டும். ரெண்டும் ஒருத்தருக்கே இருக்கலாம்.

"அவருக்குத்தான் ஒண்ணும் ஞாபகமே இல்லையே, எப்படி பயம் வரும்?"னு கேக்கறாங்க. மயக்கத்துக்கு முன்னாடி வந்த ஹெட்லைட் வெளிச்சம், ஐசியூவில் கண் முழிச்ச நேரம், தொண்டையில் டியூப், கட்டிப்போட்ட கை, இதுல எதுவும் திரும்ப வரலாம். வாந்தி, அதிகமாகிக்கிட்டே போற தலைவலி, குழறல், ஒரு பக்கம் பலவீனம் வந்தா மனநலம்னு நினைச்சுக் காத்திருக்கவே கூடாது. நேரா அவசரப் பிரிவு.

பதிவு 7 | மூட்டுப்பயிற்சி

நன்றி. அடுத்தது சிகிச்சை. "படிப்படியா பழக்கணும்"னு சொல்றாங்க, அந்தப் படி எப்படி இருக்கும்? பிசியோவில் எடையை எப்படி ஏத்தறோமோ அந்த அளவுக்கு விவரமா சொல்ல முடியுமா?

பதிவு 8 | உளவியல்மேசை

சொல்றேன். இதுக்குப் பேர் நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சை. பொதுவா 8 முதல் 15 அமர்வு, ஒவ்வொண்ணும் 90 நிமிஷம். ரெண்டு பாகம் இருக்கு.

முதல் பாகம் வெளியுலகத்தில். 0 முதல் 100 வரைக்கும் பயத்துக்கு மார்க் போடச் சொல்லி ஏணி தயாரிக்கணும். ஒரு உதாரணம்: தருமபுரி தொப்பூர் கணவாயில் இரவில் நின்னுக்கிட்டிருந்த லாரியின் பின்னாடி பைக்கில் மோதினவர். வண்டியைத் துணியால துடைக்கறது 20. ஸ்டாண்ட் எடுத்துட்டு இன்ஜின் அணைச்ச நிலையில் உக்கார்றது 30. வாசலிலேயே ஸ்டார்ட் பண்ணி வெச்சுக்கறது 40. காலை 6 மணிக்குத் தெருவுக்குள்ள பின் சீட்டில் போறது 50. அதே தெருவில் தானே ஓட்டறது 60. பகலில் பஸ் போற ரோட்டுல ஓட்டறது 70. தொப்பூரைப் பகல் நேர பஸ்ஸில் ஜன்னலோரமா உக்காந்து கடக்கறது 80. அதே பஸ் பயணம் இரவில் 95.

40 கிட்ட இருக்கற படியில ஆரம்பிக்கலாம். ஒரு படியில 30 முதல் 45 நிமிஷம், இல்லேன்னா பயம் பாதியா இறங்கற வரைக்கும் இருக்கணும். தினமும் செய்யணும். நோட்டில் மூணு எண்: ஆரம்பிக்கும்போது, உச்சத்தில், முடிக்கும்போது. சில நாள்ல உச்சமே 20, 25-க்கு மேல போகலேன்னா அடுத்த படி.

எங்க கெடும்? பயம் 80-ல் இருக்கும்போது இறங்கி ஓடினா, "ஓடினதாலதான் பிழைச்சேன்"னு உடம்பு கத்துக்கும், மறுநாள் 90-ல் ஆரம்பிக்கும். அதனால பெரிய படியைத் தாண்டறதைவிட சின்னப் படியை முழுசா முடிக்கறதுதான் முக்கியம். வாரத்துக்கு ஒருதரம் செஞ்சா பிடிக்காது. மறைமுகத் தவிர்ப்பு வேற இருக்கு: கண்ணை மூடிக்கறது, சாமி பேரை நிறுத்தாமச் சொல்றது, பக்கத்து சீட்டில் உக்காந்து இல்லாத பிரேக்கை மிதிக்கறது, ஓட்டறவரை "மெதுவா, மெதுவா"ன்னு விரட்டறது, ரெண்டு விநாடிக்கு ஒருதரம் கண்ணாடி பார்க்கறது. இதெல்லாம் இருந்தா படி ஏறினாலும் பயம் இறங்காது. ஒவ்வொண்ணா விடச் சொல்லணும். ஹெல்மெட், சீட் பெல்ட், நியாயமான வேகம் இந்தக் கணக்கில் வராது. அதெல்லாம் கட்டாயம்.

இரவில் கணவாயில் பைக் ஓட்டறது ஏணியில் இல்லைங்கறதைக் கவனிச்சிருப்பீங்க. எச்சரிக்கையான ஒருத்தர் விபத்துக்கு முன்னாடியே தவிர்க்கக்கூடிய ஆபத்தை சிகிச்சைன்னு சொல்லிச் செய்ய வைக்கக் கூடாது. எலும்பு டாக்டர் ஓட்டலாம்னு சொல்லாம ஓட்டும் படிக்கும் போகக் கூடாது. ஓட்டும்போது இடம் காலம் மறந்து உறையற பழக்கம் இருந்தா பயணியாப் போற படிகளோட நிறுத்தி, அது அடங்கின பிறகுதான் ஹேண்டில்பார்.

ரெண்டாம் பாகம் நினைவுக்குள்ள. சிகிச்சையாளர் அறையில் கண்ணை மூடி, நிகழ்காலத்தில், "லாரியின் பின்பக்கம் தெரியுது, சிவப்பு விளக்கு இல்ல"ன்னு 30, 40 நிமிஷம் திரும்பத் திரும்பச் சொல்லணும். அதை ஃபோனில் பதிவு பண்ணி வீட்டில் தினமும் கேக்கணும். இதைத் தனியா முயற்சி பண்ண வேண்டாம். பாதிப்பேர் மிக மோசமான அந்த 10 விநாடியைத் தாவிப் போயிடுவாங்க, "அப்புறம் மோதிட்டேன், ஆஸ்பத்திரியில முழிச்சேன்"ன்னு. நோய் ஒளிஞ்சிருக்கறதே அந்த 10 விநாடியில்தான். அதை மெதுவா, சத்தம், வாசனை, உடம்புல பட்ட இடம் எல்லாத்தோடயும் சொல்ல வைக்கறதுதான் சிகிச்சையாளர் வேலை. முதல் ரெண்டு மூணு அமர்வுக்குப் பிறகு கனவு கொஞ்சம் அதிகமாகலாம். முன்கூட்டியே சொல்லாம விட்டா அந்தக் கட்டத்தில் பலர் நின்னுடுவாங்க.

பதிவு 9 | சமூகப்பணி_ஓபி

90 நிமிஷ அமர்வு கேக்க நல்லா இருக்கு. கூட்டம் நெருக்கற அரசு ஓபியில் எப்படி முடியும்? அங்க எழுதி எதிர்கொள்ளும் முறையைப் பரிசீலிக்கணும். 5 அமர்வுதான். ஒவ்வொண்ணிலும் 30 நிமிஷம் விபத்தைப் பத்தி, அப்போ என்ன நினைச்சோம், என்ன உணர்ந்தோம்னு கையால எழுதணும். முன்னாடியும் பின்னாடியும் சிகிச்சையாளர் கொஞ்சம் பேசுவார், வீட்டுப்பாடம் இல்ல. 2018-ல் வந்த அமெரிக்க ஆய்வில் 12 அமர்வு அறிவாற்றல் செயலாக்கச் சிகிச்சையைவிட (கெட்டுப்போன எண்ணங்களைச் சோதிச்சு மாத்தற முறை) இது பின்தங்கல, பாதியில் விட்டவங்களும் குறைவு. எழுதப் பழக்கம் இல்லாதவங்களுக்குச் சரிவராது.

கண்ணை இடமும் வலமும் அசைச்சுக்கிட்டே அந்த நினைவை மனசுல கொண்டு வர வைக்கற ஈஎம்டிஆர் முறையும் நல்ல பலன் தருது. அதில் கண் அசைவுக்கே தனி வேலை இருக்கா, இல்ல நினைவை எதிர்கொள்றதுதான் குணப்படுத்துதாங்கறதில் நிபுணர்களுக்குள்ள இன்னும் ஒத்த கருத்து இல்ல. முறையாப் பயிற்சி எடுத்தவர் கிடைச்சா தாராளமாப் போகலாம்.

எங்க போறதுன்னா: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவு, மாவட்ட மனநலத் திட்டத்தின் ஓபி. ஃபோனில் தமிழிலேயே பேச டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும்.

பதிவு 10 | மனநலமருத்துவம்

மாத்திரை பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதல் தேர்வு மேலே சொன்ன பேச்சுச் சிகிச்சைகள். அது கிடைக்காதபோதோ, மனச்சோர்வு சேர்ந்திருக்கும்போதோ செர்ட்ராலின், பராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின். செர்ட்ராலினை வழக்கமாக 25 மில்லிகிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் 50 ஆக்குவோம். தேவைப்பட்டால் 200 வரை போகும். முதல் 10 நாட்களில் குமட்டல், படபடப்பு, தளர்ந்த வயிறு வரும், பெரும்பாலும் அடங்கும். பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். "ஒரு வாரம் போட்டேன், கேட்கவில்லை" என்று நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கிறது. குணமான பிறகும் பல மாதங்கள் தொடர வேண்டும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக்கேடு வரும்.

அல்ப்ரசோலம், குளோனசெபம் வகை மாத்திரைகளைப் பிடிஎஸ்டிக்குக் கொடுக்க வேண்டாம் என்றே வழிகாட்டிகள் சொல்கின்றன. அன்றிரவு தூக்கம் வரும். ஆனால் நோயின் கருவை அது தொடுவதில்லை, பழக்கமாகிறது, எதிர்கொள்ளல் பயிற்சிக்கு முன் போட்டால் பயம் தானாக இறங்கும் என்பதை உடம்பு கற்றுக்கொள்ள விடாது. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் மாதக்கணக்கில் வாங்கிப் போடுபவர்கள் சட்டென்று நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் குறைக்க வேண்டும். இரவு குவார்ட்டரும் இதே கதைதான்: முதல் பாதித் தூக்கத்தைத் தரும், பின்பாதியில் கனவைக் கொட்டும்.

கெட்ட கனவுக்குப் பிராசோசின் படுக்கும்போது 1 மில்லிகிராமில் தொடங்குகிறோம். 2018-ல் வந்த பெரிய ஆய்வு, போலி மாத்திரையைவிட அது மேல் என்று காட்டவில்லை. இருந்தும் சிலருக்கு உதவுவதால் முயல்கிறோம். முதல் இரவு எழும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். ஊன்றுகோலோடு இருப்பவர் கழிப்பறைக்கு எழுந்து விழுந்தால் போட்ட பிளேட் போய்விடும். கட்டிலில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பிறகு எழச் சொல்லுங்கள்.

"செத்துப்போயிருக்கலாம்" என்று சொன்னால் கேட்காதது போல் விடாதீர்கள். "உயிரை விடணும்னு தோணுதா, எப்படின்னு யோசிச்சீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உருவாகாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றே அழைத்து வாருங்கள்.

பதிவு 11 | உளவியல்மேசை

குற்ற உணர்வைப் பத்தி யாரும் பேசல. கூட வந்தவர் இறந்து இவர் பிழைச்ச வழக்குகளில் பயத்தைவிட அதுதான் கனம். "உன் தப்பு இல்லப்பா"ன்னு சொல்றது எடுபடாது. அவர் மனசுக்குள்ள உடனே பதில் சொல்லிக்குவார்.

வேலை செய்ற வழி: ஒரு வட்டம் வரையச் சொல்லுங்க. விபத்துக்குப் பங்களிச்ச எல்லாத்தையும் பக்கத்தில் பட்டியல் போடணும். ரிஃப்ளெக்டர் இல்லாம நின்ன லாரி, எரியாத தெருவிளக்கு, ரோட்டில் கொட்டின மணல், மழை, எதிர்வண்டியின் ஹை பீம், இவரோட வேகம். மத்ததுக்கெல்லாம் சதவீதம் கொடுத்துட்டு கடைசியில்தான் தன் பங்கைப் போடணும். முதல்ல தன் பங்கைப் போட்டா 100-ஐயும் தானே எடுத்துக்குவார். கடைசியில் 10-ஓ 20-ஓ மிஞ்சும். அது உண்மைன்னா அதை மறைக்காம ஏத்துக்கத்தான் உதவணும். குடிச்சுட்டு ஓட்டினவர்கிட்ட "உங்க பங்கே இல்ல"ன்னு பொய் சொல்லாதீங்க.

பதிவு 12 | சமூகப்பணி_ஓபி

அடுத்து வீட்டாளுங்க விஷயம். மந்திரிக்கறது, தாயத்து, எலுமிச்சம்பழம் சுத்திப் போடறது, இதையெல்லாம் கேலி பண்ணி அவங்களை விரட்டாதீங்க. நாலு பேர் கூடி நின்னு "உனக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்றதில் ஆறுதல் இருக்கு. அது முடிஞ்சதும் ஓபிக்கும் வரச் சொல்லுங்க. அடிக்கறது, பட்டினி போடறது, ஓடற மாத்திரையை நிறுத்தச் சொல்றது வந்தா மட்டும் உறுதியா நில்லுங்க.

சிசிடிவி வீடியோ. இதுதான் இப்போ பெரிய தொல்லை. விபத்துக் காட்சி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுத்தும், அடிபட்டவர் ராத்திரி 2 மணிக்குத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார். இது எதிர்கொள்ளல் பயிற்சி ஆகாது. ஆரம்பமும் முடிவும் இல்லாத உழட்டல். போலீஸுக்கும் வக்கீலுக்கும் ஒரு பிரதி கொடுத்துட்டு ஃபோன் கேலரியிலிருந்து எடுத்துடுங்க.

குழந்தைகள் வாயால சொல்ல மாட்டாங்க. பொம்மைக் காரை மோத விட்டுக்கிட்டே இருப்பாங்க, நின்னுபோன படுக்கை நனைத்தல் திரும்பும், ஸ்கூல் வேனைக் கண்டா வயித்துவலி வரும்.

பதிவு 13 | தீர்ப்பாயவக்கீல்

சுருக்கமா ஒண்ணு. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்கில் எலும்பு எக்ஸ்ரே மட்டும் வெச்சுத் தாக்கல் பண்றாங்க. மனநல ஓபி சீட்டு, மாத்திரை ரசீது, வேலைக்குப் போகாத நாட்களுக்கு முதலாளி கடிதம் எல்லாத்தையும் தேதி வாரியா வெச்சிருங்க. முதல் மனநலச் சீட்டு வழக்குப் போட்ட பிறகு வந்ததுன்னா எதிர்த்தரப்பு அதைத்தான் பிடிச்சுக்கும்.

பதிவு 14 | மூட்டுப்பயிற்சி

கடைசியா ஒண்ணு. பயிற்சி நடுவிலேயே வெளிய சைரன் கேட்டு ஒருத்தர் உறைஞ்சு போனா அந்த நிமிஷம் என்ன செய்யணும்?

பதிவு 15 | இரவுப்பணி_நர்ஸ்

பின்னாடியிருந்து தொடாதீங்க. முன்னாடி, கைக்கு எட்டாத தூரத்தில் வந்து பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. "கண்ணைத் திறந்து வெச்சுக்கங்க. இன்னைக்கு செவ்வாய்க்கிழமை. இது பிசியோ ரூம். சத்தம் போட்டது ரோட்டில் போற ஆம்புலன்ஸ்"னு சாதாரணக் குரலில் சொல்லுங்க. ரெண்டு பாதத்தையும் தரையில் அழுத்தச் சொல்லுங்க, அறையில் இருக்கற அஞ்சு பொருளைப் பேர் சொல்லச் சொல்லுங்க. ஈரத்துணி இருந்தா கையில் கொடுங்க. ஆழமா மூச்சிழுக்கச் சொல்லாதீங்க, சிலருக்குத் தலைசுத்தல் கூடும். மூச்சை நீளமா வெளிய விடச் சொன்னாப் போதும். தெளிஞ்சதும் வீட்டுக்கு அனுப்பிடாதீங்க. தண்ணி கொடுத்து, அஞ்சு நிமிஷம் கழிச்சு, விட்ட பயிற்சியில ரெண்டு செட்டாவது செஞ்சு முடிக்க வெச்சு அனுப்புங்க. சீட்டில் நேரத்தையும் எந்தச் சத்தம்னும் எழுதி வைங்க, சிகிச்சையாளருக்கு ஏணி போட அது உதவும்.